மாநகராட்சிப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு: பிள்ளைகளின் பின்னணியா, பள்ளியின் குறையா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வடசென்னையில் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் பிளஸ் டூ தேர்ச்சி மூன்று ஆண்டுகளாக எண்பத்தைந்தைச் சுற்றியே நிற்கிறது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் தனியார் பள்ளி, வாசலில் நூறு விழுக்காடு என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டியிருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் விசாரித்தபோது, “எங்களிடம் வருகிற பிள்ளைகளின் நிலைமை அப்படி” என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடிக்கப்போகிற மகளை அடுத்த ஆண்டு எங்கே சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்த ஆசிரியர் சொன்னது உண்மையா, வெறும் சாக்கா என்பதுதான்.

நான் இருபத்தொன்பது ஆண்டுகள் சென்னையில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் தலைமை ஆசிரியர். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆசிரியர் சொன்னது உண்மை. அதே உண்மையைச் சாக்காகவும் பயன்படுத்த முடியும், பலர் பயன்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஐயமில்லாத எண்களிலிருந்து தொடங்குகிறேன். 2024 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாட்டின் மொத்தத் தேர்ச்சி 94.56 விழுக்காடு. அரசுப் பள்ளிகள் 91.02, அரசு உதவி பெறும் பள்ளிகள் 95.49, தனியார் பள்ளிகள் 98.70. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 4,998 பேர் எழுதி 4,355 பேர் தேர்ச்சி பெற்றார்கள். அது 87.13 விழுக்காடு. ஆகவே தலைநகரத்தின் மாநகராட்சிப் பள்ளிகள் மாநிலத்தின் அரசுப் பள்ளிச் சராசரியைவிடவும் பின்தங்கியிருக்கின்றன. நகரத்தில் வசதிகள் அதிகம், ஆகவே நகரத்துப் பள்ளி முன்னே நிற்கும் என்று எல்லோரும் நினைப்பதற்கு இது நேர்மாறு. இதற்குக் காரணம் எளிமையானது. கிராமத்தில் ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளிக்கு வருகிறது. சென்னையிலோ மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க முடிந்த குடும்பம்கூட மெட்ரிக் பள்ளியைத் தேடிப் போய்விடுகிறது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்கும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்கள் வந்த பிறகு, ஏழைக் குடும்பங்களிலும் விவரம் தெரிந்து விண்ணப்பித்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கே போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர்களை வைத்துக்கொண்டுதான் மாநகராட்சிப் பள்ளி நடக்கிறது.

அடுத்தது, இந்த விழுக்காடு எதை எதனால் வகுத்து வருகிறது என்பது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதே கணக்கு. பள்ளியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கரை சேர்ந்தார்கள் என்று யாரும் பேனர் கட்டுவதில்லை. எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நூறு பேர். அவர்களில் பதினைந்து பேரின் பெற்றோரைப் பத்தாம் வகுப்புக்கு முன்பும் பிளஸ் ஒன் சேர்க்கையின்போதும் அழைத்து, “இங்கே உங்கள் பையனுக்குச் சரிவராது” என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மீதி 85 பேரும் எழுதி 85 பேரும் தேறுகிறார்கள். நூறு விழுக்காடு. இன்னொரு பள்ளியில் அதே நூறு பேரில் 98 பேரைக் கடைசி வரை வைத்திருந்து, எல்லோரையும் எழுத வைத்து, 86 பேர் தேறுகிறார்கள். விழுக்காடு 88 கூட வராது. எந்தப் பள்ளி அதிகப் பிள்ளைகளைத் தேற வைத்தது? ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் வாங்கியதால் சொந்தப் பள்ளியிலேயே பிளஸ் ஒன் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழோடு என் அறை வாசலில் நிற்பார்கள். கூடவே தலையைக் குனிந்துகொண்டு ஒரு தந்தை நிற்பார். நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை, அனுப்பவும் கூடாது. அந்தப் பிள்ளைகள் எங்கள் விழுக்காட்டில் சேர்ந்தார்கள். அவர்களை வெளியேற்றிய பள்ளிகளின் நூறு நூறாகவே இருந்தது.

இதையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் சொல்லியாக வேண்டும். எழுதாமல் போகிறவர்கள் அரசுப் பள்ளிகளிலும் உண்டு. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித் தாள் அன்று மாநிலம் முழுவதும் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பைத் தேர்வில்லாமல் கடந்து வந்தவர்கள் அந்த அணியினர். பெயர் பதிவேட்டில் இருந்தது, பிள்ளை வேலைக்குப் போய்விட்டது. அவர்கள் எந்தப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டையும் குறைக்கவில்லை, ஏனென்றால் கணக்கிலேயே வரவில்லை.

இப்போது பின்னணி. இந்தச் சொல்லை எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் சேர்க்கைப் பதிவேட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கூலி, கூலி, கூலி என்றே மையால் எழுதியிருக்கும். இடையிடையே ஆட்டோ, பெயின்டர், மீன்பிடித்தல். தாயின் தொழிலில் வீட்டு வேலை. சில வரிகளில் தந்தையின் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று இருக்கும். முப்பது வயதுகளிலேயே இறந்த தந்தைகள் அந்தப் பதிவேட்டில் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். சாதிக் கட்டத்தில் பட்டியல் சாதியினரும் மிகப் பிற்படுத்தப்பட்டோரும்தான் மிகப் பெரும்பான்மை. ஆனால் கூலி என்ற சொல் ஒரு பிள்ளையின் கணக்கு மதிப்பெண்ணுக்குள் எப்படி நுழைகிறது என்பதைப் பதிவேடு சொல்லாது. அதை வகுப்பறைதான் சொல்லும்.

என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு பையன், மிக நன்றாகக் கணக்குப் போடுபவன், தை மாதம் பிறந்ததும் முதல் பாடவேளையில் தூங்கிவிடுவான். அடித்து எழுப்பும் பழக்கம் எனக்கில்லை. ஒரு நாள் அவன் கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் மஞ்சள் கறை, சாம்பார் வாளி பிடித்த காய்ப்பு. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலை. இரவு விருந்து முடிந்து பாத்திரம் ஏற்றி அனுப்பிவிட்டு, விடியற்காலை முகூர்த்தப் பந்திக்கும் நின்றுவிட்டு நேரே பள்ளிக்கு வருவான். தையும் மாசியும் முகூர்த்த மாதங்கள். பொதுத் தேர்வு மார்ச்சில். படிக்க வேண்டிய நாட்களில்தான் அவனுக்குச் சம்பாதிக்க முடிந்த நாட்களும் வந்தன. அவன் திருப்புதல் தேர்வில் வாங்கிய 41, கணக்கில் அவனுடைய அறிவைக் காட்டும் எண் அல்ல. அவனுடைய தூக்கத்தைக் காட்டும் எண்.

ஆண், பெண் வேறுபாட்டையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதே 2024இல் மாநில அளவில் மாணவியர் 96.44, மாணவர் 92.37. ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளிகளின் தேர்ச்சி ஏறத்தாழ 89தான். பெண் பிள்ளைகள் பொறுப்பாகப் படிப்பார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என் பார்வையில் பெரிய காரணம் வேறு. பதினாறு வயதுப் பையனுக்குத் தெருவில் ஒரு நாள் கூலி எளிதாகக் கிடைக்கிறது, பெண்ணுக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பெண்ணுக்கு வேறு சுமை இருக்கிறது. தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் பிடிப்பது, அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் அம்மா வேலை செய்யும் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்ப்பது. இருந்தும் அவள் பள்ளியை விடுவதில்லை, ஏனென்றால் பள்ளியை விட்டால் அடுத்து என்ன என்பது அவளுக்குத் தெரியும். எண்களில் இருக்கும் இடைவெளி உறுதியானது. காரணம் பற்றி நான் சொன்னது ஒரு வாத்தியாரின் அனுபவம் மட்டுமே, அதற்கு மேல் எடை கொடுக்க வேண்டாம்.

பசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த நகரம் நூறாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டது. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சிதான், ஆயிரம் விளக்கில் உள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பிறகு 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவு. இவ்வளவும் இருந்தும், சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. ஜூன் மாதத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பழக்கத்தில் தட்டோடு வரிசைக்கு வந்து, பிறகு ஒன்றும் சொல்லாமல் விலகிப் போவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பொதுத் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் யாரும் முதலில் சரிசெய்ய வேண்டியது இது என்பது என் உறுதியான கருத்து.

இடமாற்றம் என்பது சென்னைக்கே உரிய இன்னொரு காரணம். கூவம், அடையாறு கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அது கல்வியாண்டின் நடுவிலும் நடந்தது. பெற்றோரின் வேலை பழைய இடத்தில், வீடு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். பொதுத் தேர்வு ஆண்டில் பள்ளியை மாற்றப் பயந்து, இலவச பஸ் பாஸை வைத்துக்கொண்டு இருட்டில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள். முதல் பாடவேளை பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்காது. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழும். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுப் ‘பொறுப்பில்லாத பிள்ளை’ என்று எழுதிவிடுவது எளிது.

பின்னணி இவ்வளவு பெரியது என்றால், பள்ளி செய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் லட்சக்கணக்கான மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு, பள்ளிக்குப் பள்ளி இருக்கும் வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டியிருக்கிறது என்று சொல்லி அந்த நாட்டையே உலுக்கியது. நமக்கு நெருக்கமான சான்று ஆந்திரத்தில் இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அங்கே கிராமங்களில் விண்ணப்பித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, குலுக்கலில் வந்தவர்களை, கட்டணத்தை ஈடுகட்டும் சீட்டோடு (வவுச்சர்) தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முன்னே இருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிந்த பெரிய இடைவெளியில் மிகுதி, யார் எங்கே சேர்ந்தார்கள் என்பதால் வந்தது. ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை எங்கள் தரப்பு ஆசிரியர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளி செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவிடாமல் அதே முடிவைக் காட்டின. அது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வு. சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பள்ளியை எடை போடக் கூடாது என்பதற்கு அது போதும்.

இனி, சாக்கு என்ற பகுதி. ஒரே மாதிரியான தெருக்களிலிருந்து பிள்ளைகளை எடுக்கும் இரண்டு மாநகராட்சிப் பள்ளிகளின் முடிவுகளில் பத்து விழுக்காடு வேறுபாடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பின்னணி ஒன்றே என்றால் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போடுவோம். அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு முழுப் பாடப்புத்தகம் மூடப்பட்டுவிடும். குறைந்தபட்ச கையேடு ஒன்றைக் கொடுத்து, 35 மதிப்பெண்ணுக்குப் போதுமான கேள்விகளை மனப்பாடம் செய்ய வைப்போம். அந்த ஆண்டின் விழுக்காடு ஏறும். நானும் இதைச் செய்தேன். அது தவறு என்று எனக்குப் புரிய ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாணவி பலகையில் முக்கால் கூட்டல் அரை என்ற கணக்குக்கு, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஆறில் நான்கு என்று எழுதினாள். வகுப்பில் பாதிப் பேர் சரி என்றார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அது. அந்த ஆண்டு காலாண்டு வரை ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ரொட்டித் துண்டுகளை வெட்டிப் பின்னம் சொல்லிக் கொடுத்தோம். தமிழ் ஆசிரியர் அம்மா ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். அந்த அணி பிளஸ் டூ எழுதியபோது அந்தப் பள்ளியில் அதுவரை நான் பார்த்திராத முடிவு வந்தது. அவர்கள் வீடுகளில் அந்த நான்கு ஆண்டுகளில் எதுவும் மாறிவிடவில்லை. ஒரு பள்ளியின் ஒரே ஓர் அணியை வைத்து விதி எழுதிவிட முடியாது என்பது கணக்கு ஆசிரியரான எனக்குத் தெரியும். ஆனால் “வருகிற பிள்ளைகள் அப்படி” என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் பயன்படுத்தவில்லை.

ஆங்கில வழியா தமிழ் வழியா, வகுப்பில் எத்தனை பேர் என்பன பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவற்றில் என்னால் உறுதியாகப் பேச முடிவது குறைவு. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுக்குப் பெரும்பாலும் சற்று முனைப்பான பெற்றோரின் பிள்ளைகள் வருகிறார்கள், ஆகவே அந்தப் பிரிவின் கூடுதல் தேர்ச்சி மொழியால் வந்ததா, பெற்றோரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. வகுப்பில் நாற்பதைத் தாண்டினால் நோட்டுத் திருத்துவது பெயரளவுக்குப் போய்விடும் என்பது மட்டும் என் கை அறிந்த செய்தி.

உங்கள் மகளைப் பற்றி. முதலில் ஒரு நடைமுறைச் செய்தி. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (புதுமைப் பெண்ணுக்கு அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழியும் போதும்). கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கும் அவை கிடைக்கும். உங்கள் மகள் கட்டணம் செலுத்திப் படித்தவள் என்றால் கிடைக்காது. அந்த எண்ணத்தில் மாற்றுவதாக இருந்தால் வேண்டாம்.

மற்றபடி, இரண்டு பள்ளிகளுக்கும் நேரில் போய் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இங்கேயே பிளஸ் டூ எழுதினார்கள்? தேறியவர்களில் 600க்கு 360க்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர்? இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றுக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது இருக்கிறாரா, காலியிடமா? போன ஆண்டு தவறியவர்கள் துணைத் தேர்வு எழுதினார்களா, அவர்கள் இப்போது எங்கே? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் சொல்லும் ஆசிரியர் எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ, அந்தப் பள்ளியை நான் நம்புவேன். மாநகராட்சிப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், அதில் பெற்றோர்கள் பொறுப்பில் இருப்பார்கள். அவர்களில் யாரையாவது பார்த்துப் பேசுங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மேசைமேல் தூசி எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி அவளையே புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்திய மை தேதியோடு கடைசிப் பக்கம் வரை இருந்தால், எண்பத்தைந்து விழுக்காடாக இருந்தாலும் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.